கழுவய்யா சொன்ன ரெண்டு பொய்

உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க. வேன்ல வந்த ஆளுக வெயில்ல நிக்காம இங்கிட்டு நெழலுக்கு வாங்க. நடுவுல எந்திரிச்சுப் போறவுக இப்பவே போயிருங்க. போன வருசம் பாதிக் கதைய மட்டும் கேட்டுட்டுப் போன ரெண்டு பேரு, நம்ம பாட்டன் காட்டிக்குடுத்தவன்னு டவுனெல்லாம் சொல்லித் திரிஞ்சாக. அந்தப் பேச்சு இன்னொரு வாட்டி என் காதுல விழுகக் கூடாது.

அது ஒரு காலம். மதுரையில வெள்ளக்காரன் கும்பினிக் கொடி ஏறிருச்சு, ஆனா இந்த மலையடிவாரத்துல அவன் பேச்ச ஒரு பய மதிக்கல, அப்பேர்ப்பட்ட காலம். அந்தக் காலத்துல கொப்பரை மலைக்கு அடியில கருங்கரடு, கருங்கரடுன்னு ஒரு ஊரு. அந்த ஊருக்குக் காவக்காரரு ஒருத்தரு இருந்தாரு. பேரு கழுவன். நமக்குக் கழுவய்யா.

காவக்காரன்னா ஏடிஎம் வாசல்ல நாக்காலி போட்டுத் தூங்குற வேலையின்னு நெனைச்சுக்கிறாதீக. அந்தக் காலத்துக் காவக்காரன் வேலையே தடம் பாக்குறதுதான். ஊருல ஒரு மாடு களவு போனா, குளம்படியப் பாத்துக்கிட்டே போகணும், போயி மாட்ட மீட்டுட்டு வரணும். தடம் நம்ம எல்லையத் தாண்டி அடுத்த ஊருக்குள்ள போயிருச்சா? அந்த ஊருக் காவக்காரனக் கூப்புட்டு, எல்லையில கடைசியாத் தெரியிற குளம்படி மேல ஒரு மண்சட்டியக் கவுத்து வச்சு, "இது வரைக்கும் எங்க தடம், இனிமே உங்க தடம்"னு ஒப்படைச்சிட்டு வந்துரணும். அவன் சட்டிய எடுத்தான்னா தடத்த ஏத்துக்கிட்டான்னு அர்த்தம். எடுக்கலையின்னா களவே அவன் ஊருக் களவுன்னு அர்த்தம். அம்புட்டுதான் சட்டம். இதுக்கு வக்கீலும் இல்ல, வாய்தாவும் இல்ல.

சட்டிய எடுத்ததும் மூணு வாட்டி கொம்பு ஊதணும். கொம்பு கேட்டா நின்னவன் நின்ன எடத்துலயே நிக்கணும், ஒக்காந்தவன் ஒக்காந்த எடத்துலயே இருக்கணும். நடமாடுனா தடம் அழிஞ்சிரும்ல? களை எடுக்குற பொம்பளைக குனிஞ்சது குனிஞ்ச மாதிரியே இருப்பாகளாம். காவக்காரன் தாண்டிப் போயி, மறுபடி ஒத்தக் கொம்பு ஊதுனாத்தான் அசைவாகளாம்.

கழுவய்யா இருக்காரே, ஒரு குளம்படியப் பாத்தாருன்னா மாடு சினையா வெறும் வயிறா, ஓட்டிட்டுப் போனவன் எந்தக் காலு நொண்டின்னு சொல்லிருவாராம். அவரு வாயில பொய் வராது. வரவே வராது. ஒரு வாட்டி மூணு காள களவு போயி, தடம் சுத்திச் சுத்தி அவரு மச்சினன் தொழுவத்துலயே போயி நின்னுச்சாம். பொண்டாட்டி கூடப் பொறந்தவன். ஊரே இவரு மூஞ்சியப் பாக்குது. கழுவய்யா என்ன சொன்னாரு? "இங்கதான்"னாரு. அந்த ஒத்த வார்த்தைக்கு அவரு பொண்டாட்டி சாகுற வரைக்கும் அவரோட பேசலையாம். அந்தம்மா போன பொறகு அவருக்குன்னு மிஞ்சுனது ஒரே மக, சிலம்பாயி. அவளையும் கண்ணு முன்னால வச்சுக்கணும்னு உள்ளூர்லயே தவசின்னு ஒருத்தனுக்குக் கட்டிக்குடுத்தாரு. சிலம்பாயிதான் அவருக்கு எல்லாம். இத மனசுல வச்சுக்கங்க.

இப்பிடி இருக்கையில கும்பினிக்காரன் தண்டோராப் போட்டான். என்னன்னு? வேல்கம்பு, வாளு, வளரி, துப்பாக்கி எல்லாத்தையும் கொண்டாந்து கொட்டணும், இல்லையின்னா தூக்கு. வளரின்னா தெரியும்ல? வளைஞ்ச கட்டை. விட்டெறிஞ்சா ஓடுற ஆளு முழங்காலு தெறிச்சுப் போகும். நம்மாளுக வீட்டுல சோத்துப்பானை இல்லாம இருக்கும், வளரி இல்லாம இருக்காது. பல ஊருல பயந்து கொட்டிட்டாக. தவசி மாட்டேன்னுட்டான். "இன்னைக்குக் கம்பக் கேப்பான், நாளைக்குக் காட்டக் கேப்பான், நாளன்னைக்கு என்னத்தக் கேப்பான்?" அப்பிடின்னு கேட்டுட்டு மலையேறிட்டான். அவன் கூட ஆம்பள, பொம்பள, கெழடு கட்டைன்னு மொத்தம் நாப்பத்தி மூணு பேரு. சிலம்பாயியும் போயிட்டா. மேல தேனடைச் சொனைன்னு ஒரு ஊத்து இருக்கு, எந்தக் கோடையிலயும் வத்தாது. அங்கன போயி ஒளிஞ்சுக்கிட்டாக.

போனவுக சும்மா இருக்கல. பட்டாளத்துக்காரன் கம்மாயில குதிரைகளத் தண்ணிக்கு விட்டிருந்த நேரம், பட்டப்பகல்ல, பதினோரு குதிரைய ஓட்டிட்டு வந்துட்டாகளாம். ஊரெல்லாம் சிரிச்சுச்சு. பட்டாளத்துத் தொரைக்கு மூஞ்சி செவந்து போச்சு. சிரிச்ச சிரிப்பு எத்தன நாளைக்கு? மூணே நாளைக்கு.

அந்தத் தொரைக்கு ஒரு துபாசி இருந்தான். தொர பேசுறத நமக்கும், நாம பேசுறதத் தொரைக்கும் எடுத்துச் சொல்றவன். நம்ம சீமைக்காரன்தான். பேரு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். இந்த எடத்துல அவன் பேரு கேக்கக் கூடாது. அவன் தொரகிட்டச் சொன்னானாம்: "இவுகள அடிச்சுக் கேட்டா உசுரு போனாலும் சொல்ல மாட்டாக தொரை. இவுக சட்டத்த வச்சே இவுகளக் கேளுங்க."

மறுநாக் காலையில கருங்கரட்டு எல்லையில நூத்தியிருவது குதிரை வந்து நிக்கிது. முன்னால பக்கத்து ஊரு சின்னூத்துக் காவக்காரன் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறான். தரையில ஒரு மண்சட்டி கவுந்து கெடக்கு. "கழுவா, குதிரை களவு போயிருச்சு. இது வரைக்கும் எங்க தடம், இனிமே உங்க தடம்"னு சொன்னான். சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டான். அவனையும் எங்கிட்டோ கழுத்துல கத்திய வச்சுத்தான் கூட்டியாந்திருப்பாக.

கழுவய்யா சட்டியவே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. துபாசி குதிரை மேல இருந்தபடியே சிரிச்சானாம். "என்ன கழுவா, எடுக்கலையா? எடுக்கலையின்னா களவு உங்க ஊருக் களவு. இது எங்க சட்டமில்லப்பா, உங்க சட்டம். பொறகு ஊரக் கொளுத்துனா எங்கள நோகக் கூடாது."

கழுவய்யா ஊர ஒரு வாட்டி திரும்பிப் பாத்தாரு. அங்கன மிஞ்சிக் கெடந்தது புள்ளத்தாச்சிகளும் நடக்க மாட்டாத வயசாளிகளும். குனிஞ்சாரு. சட்டிய எடுத்தாரு.

எடுத்தாருன்னா, அடியில குளம்படி. அந்தக் குளம்படிக்கு அங்கிட்டு இன்னொண்ணு, அதுக்கு அங்கிட்டு இன்னொண்ணு. நமக்குத்தான் அது வெறும் மண்ணு. அவரு கண்ணுக்கு அது தேனடைச் சொனை வரைக்கும் ரோடு போட்டு வச்ச மாதிரித் தெரியிது. ரோட்டுக் கடைசியில அவரு மக நிக்கிறா.

அங்கனதான் அவரு மனசு மாறுச்சு. மச்சினன் தொழுவத்துல மாறாத மனசு, அங்கன மாறுச்சு. என்ன நெனைச்சாராம்? "அறுவத்தி ரெண்டு வயசு வரைக்கும் சொல்லாத பொய்ய இன்னைக்கு ஒரு நாளு சொல்லிருவோம். இவனுகளக் குருட்டோடைக்குக் கூட்டிட்டுப் போவோம்." குருட்டோடைன்னா, மூணு பக்கமும் செங்குத்துப் பாறை, ஒரு பக்கந்தான் வாயி, உள்ள சொட்டுத் தண்ணி கெடையாது. "கொம்பு ஊதுனா நம்ம புள்ளைக இருந்த எடத்துலயே அசையாமக் கெடப்பாக. நாம இவனுகள ஓடையில காய வச்சு, குதிரைகளத் தாகத்துல சாய விட்டு, பாறையில தடம் தப்பிப் போச்சுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிருவோம்." கணக்கு நல்ல கணக்குத்தான். யாரு குத்தம் சொல்லுவா?

மூணு வாட்டி கொம்பு ஊதுனாரு.

இப்ப மலை மேல என்ன நடந்துச்சு, அதக் கேளுங்க. சொனைக்கரையில இருந்தவுக எல்லாரும் அப்பிடியே நின்னுட்டாக. பழக்கம். கையில அள்ளுன தண்ணி கையிலயே நிக்கிது. அப்ப சிலம்பாயி சொன்னாளாம்: "அது எங்கய்யா கொம்பு."

தவசி சொன்னான்: "ஒங்கய்யா கொம்புதான். அசையாத. கொம்பு கேட்டா அசையக் கூடாது."

"அது மாட்டுக்கு. இது நாப்பத்தி மூணு உசுரு. எங்கய்யா தடத்த எடுத்துட்டாரு. எடுத்தா விட மாட்டாரு. எங்க மாமன் தொழுவத்துல நின்னு இங்கதான்னு சொன்ன மனுசன் அவரு. நான் இங்கன இருக்கேன்னு தெரிஞ்சாலும் நேரா வந்து நிப்பாரு. அவருக்குப் பொய் வராது. கெளம்புங்க."

"எங்கிட்டுக் கெளம்புறது?"

"குருட்டோடைக்கு. அவரு வார வழிக்கு நேர் எதிர்ப்பக்கம். தண்ணியில்லாத எடத்துல யாரும் தேட மாட்டாக. மண்ணுல கால் வைக்க வேணாம், பாறை மேலயே போயிருவோம்."

பொம்பளைக முந்தானையக் கிழிச்சுக் குதிரைக் குளம்புல சுத்துனாகளாம். கெழடுகளத் தூக்கிக்கிட்டாக. பாறை விட்டுப் பாறை, பாறை விட்டுப் பாறை, ஒரு காலடி விழுகல, ஒரு கூழாங்கல்லுப் பொரளல. போயி ஓடைக்குள்ள பாறை மறைவுல ஒக்காந்துட்டாக.

கேட்டீகளா இந்தக் கொடுமைய? கொம்பு கேட்டா அசைய மாட்டாகன்னு அவரு இவுகள நம்புனாரு. தடத்த விட மாட்டாருன்னு இவுக அவர நம்புனாக. ரெண்டு பக்கத்துல ஒரு பக்கம் நம்பாம இருந்திருந்தாலும் எல்லாரும் பொழச்சிருப்பாக. இத நெனைச்சா எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும். யாரு மேலன்னு கேட்டா சொல்லத் தெரியல.

கழுவய்யா எடுத்த சட்டியக் கையில பிடிச்சுக்கிட்டு முன்னால நடக்குறாரு. பின்னால நூத்தியிருவது குதிரை. நடந்து, நடந்து, நடந்து, வழி பிரியிற எடம் வந்துச்சு. மண்ணுல குளம்படி எடதுபக்கம் போகுது. இவரு வலதுபக்கம் திரும்புனாரு. "இந்தா பாருங்க சாமி, கல்லுப் பொரண்டு கெடக்கு"ங்கிறாரு. "இந்தா, புல்லு மடங்கிக் கெடக்கு"ங்கிறாரு. காத்துல மடங்குன புல்லு. துபாசி தலைய ஆட்டுறான். கழுவன் சொன்னா அதுக்கு மேல என்ன இருக்கு? வெயிலு ஏறுது. குதிரை வாயில நுரை தள்ளுது. சிப்பாய்க தண்ணிப் பைய உதறி உதறிப் பாக்குறானுக. கழுவய்யாவுக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோசமாம். பொய் சொல்றது இம்புட்டு லேசாடான்னு நெனைச்சுக்கிட்டாராம்.

ஓடை வாயிக்கு வந்துட்டாக. "பாறை வந்துருச்சு சாமி. இதுக்கு மேல தடம் தப்பிப் போச்சு. இனி கழுவனால ஆகாது"ன்னு சொன்னாரு. துபாசி தொரகிட்டச் சொன்னான். தொர ஓடைக்குள்ள எட்டிப் பாத்தான். கண்ணுக்கு எட்டுன மட்டும் கல்லும் முள்ளுந்தான். எரிச்சல்ல என்னமோ சொல்லிக் கைய வீசுனான். குதிரைகளத் திருப்புறானுக. கழுவய்யாவுக்கு வயித்துல பால் வார்த்தாப்புல இருந்துச்சு. இடுப்புல இருந்த கொம்ப எடுத்து வாயில வச்சாரு. ஒத்தக் கொம்பு ஊதிட்டா எல்லாம் முடிஞ்சது, புள்ளைக அசையலாம், தண்ணி குடிக்கலாம்.

அப்ப, ஓடைக்குள்ள இருந்து ஒரு குதிரை கனைச்சுச்சு.

ஒரே ஒரு கனைப்பு. களவு போன குதிரைக்குத் தன்னோட சோட்டுக் குதிரைக வாசன வந்துருச்சு. வாயில்லாச் சீவன், அதுக்கு என்ன தெரியும், கூட்டாளி வந்துட்டான்னு கூப்புட்டுச்சு. வெளிய நின்ன குதிரை பதிலுக்குக் கனைச்சுச்சு. கழுவய்யா கையில இருந்த சட்டி கீழ விழுந்து ஒடைஞ்சுச்சாம்.

பொறகு என்னத்தச் சொல்ல? ஒத்த வாயி இருக்குற ஓடை. வாயில பட்டாளம் நிக்கிது. உள்ள இருந்தவுக சும்மா சாகல, அதச் சொல்லணும். தவசி விட்ட வளரியில மூணு குதிரை மொகங்குப்புற விழுந்துச்சு. வேல்கம்பு இல்லாத பொம்பளைக கல்ல எடுத்து எறிஞ்சாக. ஆனா மேல ஏற வழியில்ல, பின்னால போக எடமில்ல. துப்பாக்கிச் சத்தம் பாறையில முட்டி முட்டித் திரும்பி வந்துச்சாம். கழுவய்யா "நான் பொய் சொன்னேன்! இது தடமில்ல! நான் பொய் சொன்னேன்!"னு கத்திக்கிட்டே உள்ள ஓடப் பாத்தாரு. தொர ரெண்டு சிப்பாய விட்டு அவரு கையப் பிடிச்சுக்கச் சொன்னான். ஏன் தெரியுமா? நல்லாத் தடம் காட்டுன ஆளு, அடி படக் கூடாதாம்.

உச்சி வெயிலுக்குள்ள முடிஞ்சு போச்சு. முப்பத்தஞ்சு பேரு செத்தாக. எட்டுப் பேர வெலங்கு மாட்டி இழுத்துட்டுப் போயி, கடலுக்கு அங்கிட்டுக் கப்பலேத்திட்டாக.

கைய விட்ட பொறகு கழுவய்யா உள்ள போனாரு. பாறையில சாஞ்சு சிலம்பாயி கெடக்குறா. தோளுலருந்து மாரு வரைக்கும் வாளு எறங்கிருக்கு. கண்ணு மட்டும் தெறந்திருக்கு. அய்யனப் பாத்ததும் அவளுக்குக் கோவம் வரல. அவ கேட்டாளாம்:

"அய்யா, பாறை மேலயேதான வந்தோம். ஒரு காலடி விழுகலையே. எப்பிடிய்யா கண்டுபிடிச்சீக?"

கழுவய்யா என்ன சொல்லுவாரு? உண்மையச் சொல்லணும்னா, "உன்னையக் காப்பாத்தப் பொய் சொன்னேன் ஆத்தா, அந்தப் பொய்தான் உன்னையக் கொன்னுச்சு"ன்னு சொல்லணும். நீ எடம் மாத்தாம இருந்திருந்தா பொழச்சிருப்பன்னு சொல்லணும். சாகப் போற புள்ளகிட்ட அதச் சொல்லவா?

"பாறையிலயும் தடம் விழுகும் ஆத்தா. உத்துப் பாத்தாத் தெரியும்"னு சொன்னாரு.

"எனக்குத் தெரியும்யா. தடத்த எடுத்தா விட மாட்டீகன்னு நான் அப்பவே இவுககிட்டச் சொன்னேன்"ன்னா. அதச் சொல்லையில அவ மொகத்துல ஒரு பெரும இருந்துச்சாம். அந்தப் பெருமையோடயே செத்துப் போனா.

துபாசி வந்து கழுவய்யா தோளுல ஒரு பட்டுத்துணியப் போட்டான், தொர குடுத்த பரிசுன்னு. அவருகிட்ட வேற துணி இல்ல. அந்தப் பட்டுத்துணியத்தான் மக மேல போத்திப் பொதைச்சாரு. அதுவும் தப்பாப் போச்சு. "கும்பினியான் குடுத்த பட்டுலயே மகளப் பொதைச்சான் பாரு"ன்னு ஊரு காறித் துப்புச்சு.

அவரு வீடு வீடாப் போயிச் சொன்னாரு: "நான் காட்டிக்குடுக்கல. நான் பொய் சொன்னேன். பொய் சொல்லி வேற பக்கம் கூட்டிட்டுப் போனேன்." யாரு நம்புவா? "கழுவனா? கழுவன் பொய் சொல்லுவானா? மச்சினனையே விடாதவன், மகள விடுவானா?" பட்டாளம் திரும்பிப் போகையில இருந்த தடத்தையெல்லாம் மிதிச்சு அழிச்சிருச்சு, சாட்சிக்கு ஒரு குளம்படி கூட இல்ல. மத்த ஊருல நடந்த கூத்து அத விட மோசம். அங்கன அவரப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டாகளாம். "சத்தியத்துக்காக மகளையே குடுத்த மகராசன்"னு அவரு கால்ல விழுந்தாகளாம். தலையில தலையில அடிச்சுக்கிட்டு ஓடியாந்துருவாராம்.

கடைசியில ஒரு மண்சட்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்புனாரு. ஒவ்வொரு ஊரு எல்லையிலயும் தன்னோட காலடி மேலயே சட்டியக் கவுத்து வச்சுட்டு நிப்பாராம். "களவு என்னுது. பொய் என்னுது. இந்தத் தடத்த எடுங்க, எடுத்து எனக்குத் தண்டன குடுங்க"ன்னு. பொழுதுக்கும் நிப்பாராம். ஒரு ஊருலயும் ஒருத்தனும் அந்தச் சட்டிய எடுக்கல. அவருக்குப் புத்தி பெசகிருச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டாக. நாலு வருசம் அப்பிடி அலைஞ்சாரு. அஞ்சாவது வருசம் இந்த ஓடை வாயில செத்துக் கெடந்தாரு. தூக்க நாலு ஆளு வரல. ஆடு மேய்க்க வந்த ரெண்டு பேரு குழி தோண்டி மூடிட்டுப் போனாக.

இருவது வருசங் கழிச்சு, கப்பலேத்துன எட்டுப் பேருல ஒருத்தன் திரும்பி வந்தான். மொக்கையன்னு பேரு. பல்லெல்லாம் போயி, அடையாளமே தெரியலையாம். ஊருல எல்லாரும் கூடி ஒக்காந்து பேசையில யாரோ சொன்னாக, "கழுவன் தடம் பாத்துக் காட்டிக்குடுத்தான்"னு. மொக்கையன் நிமிந்து பாத்தான்.

"எந்தத் தடத்தப் பாத்தான்? நாங்க கொம்பு கேட்ட பொறகுல்ல சொனைய விட்டுக் கெளம்புனோம். குளம்புல துணி சுத்திப் பாறை மேல போனோம். அதுல தடம் ஏது? உத்துப் பாத்தாலும் ஏது? எங்க தடத்தப் பாத்திருந்தா அவரு சொனைக்கில்ல போயிருப்பாரு?"

அப்பத்தான் ஊருக்கு ஒறைச்சுச்சு. அந்த மனுசன் நாலு வருசம் வாசல் வாசலா நின்னு சொன்னது நெசம். ஒரு பொய்ய ஒத்துக்கிட்ட நெசம். கேக்குறதுக்குத்தான் ஒரு நாதியில்லாமப் போச்சு.

அன்னையிலருந்து குருட்டோடைங்கிற பேரு போயி இதுக்குப் பொய்யோடைன்னு பேரு வந்துச்சு. ரெண்டு கல்லு நட்டாக. அந்தா, பெரிய கல்லு கழுவய்யா. பக்கத்துல இருக்குற சின்னக் கல்லு சிலம்பாயி. வேற ஊருல சாமி முன்னால நின்னு, நீ சத்தியவான்னு சொல்லிக் கும்புடுவாக. நாம மட்டுந்தான் வருசத்துக்கு ஒரு நாளு இங்கன வந்து, "கழுவய்யா, நீ பொய் சொன்ன. நாங்க நம்புறோம்"னு சொல்லிக் கும்புடுறோம். செத்த மனுசனுக்கு இப்பச் சொல்லி என்ன ஆகப் போகுது? ஒண்ணும் ஆகாது. உசுரோட இருக்கையில ஒருத்தன் சொல்லிருந்தா கஞ்சியாவது குடிச்சிருப்பாரு. எனக்கும் அது தெரியும். ஆனாலும் சொல்லணும்.

சொல்றதுக்கு முந்தி ஒரு வேல இருக்கு. நம்ம கருங்கரட்டு வம்சத்துல பொறந்த பொண்ணு ஒருத்தி போயி, சின்னக் கல்ல ரெண்டு கையாலயும் பொத்திக்கிறணும், காதப் பொத்துற மாதிரி. நாம சொல்றது அதுக்குக் கேட்றக் கூடாது. அது இன்னமும் எங்கய்யா பாறையில தடம் பாத்துத்தான் வந்தாருன்னு நெனைச்சுக்கிட்டுக் கெடக்கு. அப்பிடியே கெடக்கட்டும்.

இந்த வருசம் யாரு? நீயா ஆத்தா? போ. செருப்பக் கழட்டிட்டுப் போ. ரெண்டு கையையும் வை. நல்லா அமுக்கிப் பொத்து, வெரலுக்கு நடுவுல சந்து இருக்கக் கூடாது.

பொத்திட்டியா?

சரி. இப்பச் சொல்லுங்க எல்லாரும்.